குதிரை டீச்சரும் நாத்தனாரின் பெட்டியும்

எண்பத்து மூன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வகுப்பு ‘அ’ பிரிவில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், ‘ஆ’ பிரிவில் நாற்பத்தொன்று. எல்லாம் ஒன்பது வயது வாண்டுகள். இரண்டு பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். சுவர் கட்டச் சொல்லி ஆசிரியர் சங்கம் மனு மேல் மனு போட்டது. பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த எண்பத்து மூன்று பேருக்கும் வரலாறு யார் சொல்லிக்கொடுப்பது என்பதில் ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சங்கத்தின் கிளைச் செயலாளர். அந்த அம்மா கூட்டத்துக்கு வருவார், கோஷம் போடுவார், போகும்போது நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவார். பதவி கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் குதிரை டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர். வரலாற்றுப் பாடத்தில் போர் வந்துவிட்டால் கரும்பலகை துடைக்கிற கட்டைகள் இரண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். மேசையில் டடக் டடக் என்று குதிரை தூரத்தில் புறப்படும். பக்கத்தில் வரும். வகுப்புக்குள்ளேயே புகுந்துவிடும். சுண்ணாம்புத் தூள் பறந்து முன்வரிசைப் பிள்ளைகள் தலை நரைத்துப்போகும். ராஜா விழும் இடத்தில் கட்டைகள் நின்றுவிடும். அந்த அமைதியில் பின்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

நேராகச் சொல்கிறேன், எனக்கு அந்த ராஜா கதைகள் பிடிக்காது. கோட்டைக்குக் கல் சுமந்தவன் அந்தக் கதைகளில் வரமாட்டான். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

“கல் சுமந்தவனுக்குக் குதிரை இல்லையே அண்ணே, நான் என்ன சத்தம் போடுறது?” என்றார்.

அந்த வேலை அவருக்குச் சும்மா வந்து விழவில்லை. அப்பா பஸ் கண்டக்டர். வீட்டில் ஐந்து பெண்கள், இவர் நடுவில். மூத்தவள் அழகு, கடைசி செல்லம், நடுவில் பிறந்ததை யாரும் கூப்பிடக்கூட மறந்துபோவார்கள். கதை சொன்னால்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பாவாடை கட்டிய வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். டீச்சராகி இருபத்திரண்டு வருஷம் அதை வைத்தே கொடி நாட்டினார். அவரிடம் படித்த ஒருவன் பேங்கில் கேஷியர். டீச்சர் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலால் டடக் டடக் என்று தட்டுவான். அன்றைக்கு அந்த அம்மா நடக்கிற நடையே வேறு.

அப்படி இருந்தவர் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தாள் நாத்தனார். வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. டீச்சர் பயிற்சி முடித்து, வேலையும் கிடைத்து, அண்ணன் வீட்டு முன்னறையில் பெட்டியோடு வந்து இறங்கினாள். போஸ்டிங் எங்கே? அதே பள்ளிக்கூடம். எந்த வகுப்பு? நான்கு ‘ஆ’. பலகைக்கு அந்தப் பக்கம்.

நாத்தனார் கதை சொல்லமாட்டாள். ஒரு செருப்பு டப்பா வைத்திருந்தாள். வாரம் ஒரு பொருள் அதில் வரும். தேய்ந்த கத்தி, உடைந்த கண்ணாடிப் பிரேம், எவனோ கிழித்துப்போட்ட பஸ் டிக்கெட். அதை மேசை மேல் வைத்துவிட்டு, “இதுகிட்ட கேளுங்க, என்ன நடந்துச்சுன்னு” என்பாள். பிள்ளைகள் ஏதாவது சொன்னால் ஒரே கேள்விதான்: “யாரு பார்த்தா?” யாரும் பார்க்கவில்லையா, அப்படியானால் எதை வைத்துச் சொல்கிறாய்? அவ்வளவுதான் அவள் வித்தை. நான் ஒருநாள் வராந்தாவில் நின்று கேட்டேன். போலீஸ் விசாரணை தோற்றுப்போகும்.

குதிரை டீச்சர் முதலில் சிரித்தார். “செருப்பு டப்பாவுல சரித்திரமாம்” என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்தார். அதற்குப் பிறகு ஒருநாள் அவர் சிரிப்பு போயிற்று.

அன்றைக்கு ராஜா விழுந்திருந்தார். கட்டைகள் நின்றிருந்தன.

“ராஜா தனியா கிடக்கிறாரு. பக்கத்துல ஈ காக்கா இல்ல. குதிரையும் ஓடிப்போச்சு. அப்ப ராஜா வானத்தைப் பார்த்து மெதுவா சொன்னாரு…”

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. தடிமனான கண்ணாடி போட்டவன், அதனால் சோடாபுட்டி.

“டீச்சர், பக்கத்துல ஈ காக்கா இல்லன்னீங்களே.”

“ஆமாண்டா.”

“அப்ப அவர் சொன்னதை யாரு கேட்டா?”

“குதிரை கேட்டிருக்கும்” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“குதிரைதான் ஓடிப்போச்சேடா, லூசு.”

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சித்தான் அவருக்குப் பழக்கம். சோடாபுட்டி குறும்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் அவருக்கு உறைத்தது. இது எங்கிருந்து வந்த கேள்வி என்று அவருக்குத் தெரியும். பச்சைப் பலகையின் இடுக்கு வழியாக வந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. வீட்டுக்காரர் டெய்லர். தையல் மெஷின் கூடத்தில்தான் இருந்தது. கால் மெஷினை மிதிக்கும், வாய் தன் பாட்டுக்கு ஓடும்.

“இன்னைக்கு ஒருத்தர் பேன்ட் தைக்க வந்தாரு. அவர் பொண்ணு ‘ஆ’ பிரிவாம். வீட்டுல இருக்கிற ட்ரங்குப் பெட்டியெல்லாம் இழுத்துப்போட்டு, இது யாருது, எப்ப வாங்கினதுன்னு உயிரை எடுக்குதாம். எங்க தங்கச்சியைப் பத்தி அப்படிப் பேசுறாரு மனுஷன்.”

சமையலறையிலிருந்து குதிரை டீச்சர் கேட்டார்: “என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“உன்னைப் பத்திப் புதுசா என்ன சொல்ல? நீதான் எப்பவும் இருக்கியே.”

அந்த ஆள் கெட்டவர் இல்லை. ஊசியில் நூல் கோக்கிற கவனத்தில் பாதிகூட வார்த்தையில் இல்லாதவர், அவ்வளவுதான். குதிரை டீச்சர் கையில் பால் சட்டியின் மூடி இருந்தது. அதை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியின் கறுப்புக் குமிழ் தீயில் பட்டு ஒரு பக்கம் உருகியது. நாற்றம் வந்த பிறகுதான் நீலக் கரித்துணியால் பிடித்து இழுத்தார்.

“என்ன கருகுது?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணுமில்ல. உங்க தங்கச்சி புகழ்தான், கொஞ்சம் ஓவரா காய்ஞ்சிடுச்சு.”

முன்னறையில் இருந்த நாத்தனாருக்கு இது கேட்டது.

இந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்தார் ஹெச்.எம். புது ஹெச்.எம். வந்தால் புது டைம்டேபிள் வரும், இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வருகிற நோய். ஒரு ஆசிரியர், ஒரு பாடம் என்றார். நான்காம் வகுப்பில் இனிமேல் எண்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் வரலாறு ஒருவர்தான் எடுப்பார், மற்றவருக்குக் கணக்கு. இரண்டு பேர் வகுப்பிலும் ஒவ்வொரு பாடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வேன் என்றார். இரண்டு தொழிலாளிகளை ஒரு நாற்காலிக்கு ஓடவிடுகிற இந்த விளையாட்டு எனக்குப் புதிதில்லை. வாத்தியார்களிடம் ஆடினால் மட்டும் அதற்குப் பெயர் கல்விச் சீர்திருத்தம்.

குதிரை டீச்சர் சங்க அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“அண்ணே, எனக்குக் கணக்கு குடுத்துட்டா நான் செத்தேன். கணக்குல குதிரை ஏது?”

“உட்காருங்க டீச்சர். சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கு. நீங்க இருபத்திரண்டு வருஷம், அந்தப் பொண்ணு நேத்து வந்தது. ஹெச்.எம். ஏதாவது குளறுபடி பண்ணினா ஒரு மனு போதும். உங்களுக்குத்தான் வரலாறு.”

“சீனியாரிட்டியில வர்றது வேணாம். அவளைவிட நல்லா எடுக்கிறேன்னு வரணும்.”

“அதுக்கு நான் மனு போட முடியாதே.”

அவர் பாடத்தை ஹெச்.எம். முதலில் பார்த்தார். அன்றைக்குக் குதிரைகள் ஓடிய ஓட்டத்தில் ஹெச்.எம். குறிப்பெழுத மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். முடிந்ததும் எழுந்து கை கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் குதிரை டீச்சருக்கு முந்துவது போதவில்லை, அடுத்தவள் பிந்துவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

நாத்தனாரின் பாடத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், செருப்பு டப்பா தையல் மெஷின் மேல் இருந்தது. நாத்தனார் குளிக்கப் போயிருந்தாள். டப்பாவில் ஒரு பழைய வாசற்கதவுச் சாவி. பெரிய சாவி, பிடியில் பூ வேலை. குதிரை டீச்சர் அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பால் சட்டி மூடியிலிருந்து அந்த உருகின குமிழைக் கழற்றினார். பள்ளிக் கண்காட்சிக்கு ‘பழைய கடிதம்’ தயாரிக்க வெள்ளைத் தாளை டீத் தண்ணீரில் ஊறவைக்கிற வித்தை எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதே கை. குமிழை டீத்தூள் சக்கையில் புரட்டி, அடுப்புக்கரியைத் தேய்த்து, காயவைத்து, டப்பாவில் போட்டு மூடினார். ஹெச்.எம். முன்னால் டப்பாவைத் திறந்து, இன்னதென்று தெரியாத ஒரு கறுப்பு உருண்டையோடு நாத்தனார் திருதிருவென்று முழிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மறுநாள் தன் வகுப்பைப் படம் வரையச் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பலகை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொன்னார், கொஞ்சமும் கூசாமல்.

டப்பா திறக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர் சப்புக்கொட்டி ருசித்தார்.

பிறகு நாத்தனாரின் குரல் வந்தது. “நான் கொண்டுவர நினைச்ச பொருள் வேற. பெட்டியில இருக்கிறது வேற. இது என்னன்னு எனக்கே தெரியாது. பொய் சொல்லல, நிஜமா தெரியாது. சேர்ந்து பார்ப்போமா?”

டீச்சருக்கே தெரியாதாம் என்றதும் நாற்பத்தொரு பெஞ்சு ஒரே நேரத்தில் நகர்ந்தது போல ஒரு சத்தம்.

“டீச்சர், அடியில ஓட்டை. ஸ்க்ரூ போடுற மாதிரி இருக்கு.”

“அப்ப இது தனிப் பொருள் இல்ல. எதுலயோ மாட்டியிருந்தது.”

“சட்டி மூடி. எங்க வீட்டு மூடியிலயும் இந்த மாதிரிதான்.”

“சரி. வேற?”

“ஒரு பக்கம்தான் உருகியிருக்கு. சட்டி மேல இருந்திருந்தா இப்படி உருகாது. கீழ வச்சிருக்காங்க, தீக்குப் பக்கத்துல.”

“ஏன் வச்சாங்க?”

“பார்க்கல. வேற எதையோ பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க.”

“இல்லன்னா கேட்டுக்கிட்டு” என்றது இன்னொரு குரல். வகுப்பின் வாயாடி அது, முன்பல் விழுந்த பெண். “எங்கம்மா சண்டை கேட்கும்போதுதான் பாலைப் பொங்கவிடுவாங்க. டீச்சர், உருகின இடத்துல நூல் ஒட்டியிருக்கு. நீல நூல். சூட்டோட துணியால பிடிச்சு இழுத்திருக்காங்க. பதறிப்போய்.”

பலகைக்கு இந்தப் பக்கம் குதிரை டீச்சருக்குக் காது சுட்டது.

“இது எவ்வளவு பழசு?”

“ரொம்பப் பழசு டீச்சர், கறுப்பா இருக்கே.”

“இல்லடா, கை பாரு” என்றாள் வாயாடி. “கறுப்பு ஒட்டுது. தேய்ச்சா உள்ள பளபளன்னு இருக்கு. டீ வாசனை வேற வருது. இது பழசு இல்ல டீச்சர். யாரோ பழசு மாதிரி ஆக்கியிருக்காங்க.”

“எதுக்கு?”

“உங்களை மாட்டிவிட.”

“யாரு?”

“டப்பா ராத்திரி உங்க வீட்டுலதானே இருக்கும்?”

அந்த இடத்தில் நாத்தனார் நிறுத்தினாள். நீல நூல் அவளுக்கும் புரிந்துவிட்டது. “யாருன்னு நமக்குத் தெரியாது. பார்த்தவங்க யாரும் இல்ல. தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க.”

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரிய குரல். “டீச்சர், நான் ஒண்ணு சொல்லலாமா?”

ஹெச்.எம். பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். குதிரை டீச்சருக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது.

சாயங்காலம் நாத்தனார் குமிழைக் கழுவி, சமையல் மேடையில் மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அண்ணி, ஸ்க்ரூ எங்க?”

அண்ணி கடுகு டப்பாவிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார். கைப்பையிலிருந்து சாவியையும் எடுத்து மேடையில் வைத்தார்.

“அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன்.”

“சொல்லேன். எனக்கென்ன பயமா?”

“ஏன் அண்ணி இப்படி?”

“என் பசங்களும் உன் பக்கம்தான் காதை வச்சிருக்கானுங்க. என் குரல் அவனுங்களுக்கு மழைச் சத்தம் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு எப்படி இருக்கும்?”

நாத்தனார் குமிழைத் திருகி மாட்டினாள்.

ஹெச்.எம். வரலாற்றை நாத்தனாருக்கே கொடுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பார்த்தவரிடமெல்லாம் குமிழ்ப் பாடம் குமிழ்ப் பாடம் என்று ஒரே புராணம். பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் வந்து விசாரித்தார்கள். வீட்டில் டெய்லர், பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம் இடுப்பைச் சொல்கிறாரோ இல்லையோ, குமிழைச் சொன்னார்.

நான் மனுவை எழுதி முடித்திருந்தேன். ஜெயிக்கிற கேஸ். சீனியாரிட்டி விதி அச்சடித்தபடி நம் பக்கம். ஹெச்.எம். ஒரு வாரம் தாங்கமாட்டார். கையெழுத்துப் போட வரச் சொன்னால், வந்த அம்மா பேனாவைத் தொடவில்லை.

“அண்ணே, அது என் பாடம்.”

“எது?”

“குமிழ்ப் பாடம். பொருள் என்னுது. உருக்கினது நான். கரி தேய்ச்சது நான். அந்த நூல்கூட என் துணியிலதான். எல்லாரும் அவளைத் தூக்கி வச்சு ஆடுறாங்க. என் பேரை ஒருத்தர் சொல்லல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “டீச்சர், நீங்க கெடுக்கப் பார்த்த பாடம் அது.”

“கெடுக்கத்தான் பார்த்தேன். ஆனா நல்லா வந்துடுச்சே.”

“நல்லாக் கேளுங்க. இப்ப கையெழுத்துப் போட்டா வரலாறு உங்களுக்கு. இதைப் போய் ஹெச்.எம்.கிட்ட சொன்னீங்கன்னா, கூட வேலை செய்றவங்க பாடத்தைக் கெடுத்தவங்கன்னு ஆயிடும். சீனியாரிட்டியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கணக்குதான். ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்.”

அவர் யோசித்தார். நான் டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வந்து, ஆறி, ஆடை கட்டியது.

“வரலாறு கிடைச்சாலும் அந்தப் பாடம் அவ பேர்லதானே இருக்கும்?”

“ஆமா.”

“வீட்டுல அந்த மனுஷன் அதையேதானே சொல்லிக்கிட்டு இருப்பாரு?”

“சொல்லுவாரு.”

எழுந்தார். நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார். மனம் திருந்திப் போனார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தன் பங்கை வாங்கப் போனார்.

நாத்தனாரையும் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினாராம்.

“நீங்க இவங்களை அவமானப்படுத்தத்தானே வச்சீங்க?” என்று குதிரை டீச்சரிடம் கேட்டார்.

“ஆமா சார். ஆனா பொருள் என்னுது. அதை எழுதிக்குங்க.”

ஹெச்.எம். நாத்தனாரைப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“நீல நூல் வரைக்கும் தெரியாது சார். அப்புறம் தெரியும். அண்ணி சொல்றது சரிதான். சாவியைக் கொண்டுபோயிருந்தா அந்தப் பாடம் வந்திருக்காது. என் சாவிப் பாடம் சுமாராத்தான் இருந்திருக்கும்.”

ஹெச்.எம். கணக்கைக் குதிரை டீச்சருக்கு எழுதி, அடியில் கோடு போட்டார். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். பேச எனக்கு ஒரு பிடியும் மிச்சமில்லை. ஜெயிக்கிற கேஸை என் சர்வீஸில் வேறு யாரும் இப்படிச் சாக்கடையில் போட்டதில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூம் பலகையில் ஹெச்.எம். எழுதி ஒட்டின பாராட்டில், நாத்தனார் சொல்லி ஒரு வரி சேர்ந்தது: பாடப் பொருள் வழங்கியவர், நான்காம் வகுப்பு ‘அ’ ஆசிரியை. அந்த வரிக்கு முன்னால் நின்று அவர் டீ குடித்ததை நானே பார்த்தேன்.

இப்போது அவர் எண்பத்து மூன்று பேருக்கும் பெருக்கல் சொல்லிக்கொடுக்கிறார். கட்டைகள் பழக்கதோஷத்தில் எட்டாம் வாய்ப்பாட்டுக்கு ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு நன்றாக வருகிறது. ஒன்பதில்தான் தடுமாறுகிறார்கள். வரலாற்றுப் பாடவேளை வந்துவிட்டால் ஜன்னல் பக்கம் போய் நின்று வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்வார். பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. என்னிடமே சொன்னார்: “அவ குரல் கேட்டாலே வயிறு எரியுது அண்ணே. என்ன மருந்து சாப்பிட?”

நாத்தனார் ஒரு வழி வைத்திருந்தாள், வாயால் சொல்லாத வழி. வாரம் ஒருநாள் செருப்பு டப்பாவைக் காலியாக, மூடி திறந்து, தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது டப்பா மூடியிருக்கும். உள்ளே என்ன என்று அவள் பார்ப்பதில்லை, அண்ணி சொல்வதுமில்லை. அண்ணி இப்போது கரி தேய்க்கிற ஆளும் இல்லை. பழைய சாமான் கடைகளில் மணிக்கணக்காக நிற்கிறார். பிள்ளைகளும் நாத்தனாரும் சேர்ந்து தோற்க வேண்டும் என்பதற்காகவே தேடித் தேடி எடுக்கிறார். டப்பா திறக்கிற அன்றைக்கு மட்டும் ஜன்னலை விட்டுவிட்டு, பலகை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வாயாடியின் குரல் ஓங்கினால் அவர் முகம் சுண்டிவிடும்.

நான் பாதிப் பாதியாக வரலாற்றுப் பாடவேளையைப் பிரித்து வாங்கித் தரட்டுமா என்று போன மாதம்கூடக் கேட்டேன். “வேணாம் அண்ணே, இதுதான் சரி. இங்க அவளை ஜெயிக்க வழி இருக்கு” என்றார்.

இந்த வருஷம் பெட்டியில் வந்த பொருட்களில் பிள்ளைகளும் நாத்தனாரும் கண்டுபிடிக்க முடியாமல் தோற்றது: ஒன்று.